உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை!

◆ விண்டோஸின் திரையெழுத்தான செகோ யூஐ, வேர்டைத் திறந்ததும் பல ஆண்டுகளாக முதலில் வந்து நின்ற காலிப்ரி, எங்கும் காணும் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் நெடுங்காலம் இயல்பெழுத்தாக இருந்த டெஜாவூ சான்ஸ். இவை எதிலும் ஒரு தமிழெழுத்துகூடக் கிடையாது. ஏரியலைத் தேர்ந்தெடுத்து ‘வணக்கம்’ என்று தட்டினால் தமிழ் வருகிறதே என்பீர்கள். அங்கே வருவது ஏரியல் அன்று. கேட்ட எழுத்து அந்த எழுத்துருவில் இல்லை என்று கண்டதும், கணினி தன் மாற்றுப் பட்டியலைப் புரட்டி, தமிழ் உள்ள வேறோர் எழுத்துருவை எடுத்து வரைந்துவிடுகிறது. இன்றைய விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ.

ஆக, தமிழில் எழுதுபவருக்கு இயல்பு எழுத்துருக்கள் இரண்டு. ஒன்று நீங்கள் தேர்ந்தெடுத்தது. மற்றொன்று, உங்களைக் கேட்காமல் கணினி தேர்ந்தெடுப்பது. கோளாறு வரும்போதெல்லாம் முதலாவதை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. இந்த இதழின் துணுக்குகள் பெரும்பாலும் அந்த இரண்டாவதைப் பற்றியவை.

◆ திரையில் இப்போது தமிழை வரைந்துகொண்டிருக்கும் எழுத்துரு எது என்று நொடியில் கண்டுபிடிக்கலாம். குரோம் உலாவியில் அந்த எழுத்தின்மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். ‘கம்ப்யூட்டட்’ தாவலின் அடிப்பகுதியில் ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று உண்மையில் பயன்பட்ட எழுத்துருவின் பெயர் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கென்றே ‘ஃபான்ட்ஸ்’ என்ற தனித் தாவல் உண்டு. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பெயர் தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், இருந்த கோளாறோடு புதியது ஒன்றும் சேரும்.

◆ லதா எழுத்துரு விண்டோஸ் 2000 உடன் வந்தது. தமிழுக்கு யூனிகோடு வழியில் விண்டோஸில் கிடைத்த முதல் இயல்பெழுத்து அதுதான். விண்டோஸ் 7 விஜயாவைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 8 நிர்மலா யூஐயைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10 வந்தபோது லதாவும் விஜயாவும் இயல்பான தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டு, கேட்டால் மட்டும் கிடைக்கும் துணைத் தொகுப்புக்குப் போய்விட்டன. பழைய அலுவலகக் கோப்பைப் புதுக் கணினியில் திறந்தால் பக்கங்கள் முன்பின்னாக நகர்ந்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஏமாற்றும் இடம் ஒன்று இங்கே உண்டு. லதா கணினியிலேயே இல்லாவிட்டாலும், வேர்டின் எழுத்துருப் பெட்டியில் ‘லதா’ என்றே எழுதியிருக்கும். கோப்பு கேட்கும் பெயர் அது. வரைந்து காட்டும் எழுத்துருவின் பெயர் அன்று. வேர்டின் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘அட்வான்ஸ்டு’, அதில் ‘ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்’ என்று போனால் எது காணவில்லை, அதற்குப் பதிலாக எது நிற்கிறது என்று வேர்டே சொல்லும். தீர்வும் எளிது: விண்டோஸ் செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. எவர் எவரோ ஏற்றிவைத்த இடங்களிலிருந்து லதாவை இறக்கி நிறுவவே வேண்டாம்.

◆ எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் வந்தால் அந்தக் கட்டத்தையும் படிக்கலாம். ஒவ்வோர் எழுத்துருவின் முதல் இடத்திலும் ‘இந்த எழுத்து என்னிடம் இல்லை’ என்று காட்டுவதற்கான வடிவம் ஒன்று உண்டு. பொதுவாக வெற்றுக் கட்டம். ஃபயர்ஃபாக்ஸ் ஒரு படி மேலே போய், காணாமல்போன எழுத்தின் யூனிகோடு எண்ணையே கட்டத்துக்குள் சின்னதாக எழுதிக் காட்டும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடங்கள் 128. எண்கள் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. கட்டத்துக்குள் 0பி95 என்று இருந்தால் அது ‘க’. கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். ஒன்றை நிறுவினால் தீர்ந்தது.

கட்டத்துக்குள்ளிருக்கும் எண் இ1, இ2, இ3 என்று தொடங்கினால் கதை வேறு. அது டேஸ்16 குறியேற்றத்தில் எழுதப்பட்ட உரையாக இருக்க வாய்ப்பு மிகுதி. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற குறியேற்றம் இது. ஒவ்வோர் உயிர்மெய்யையும் தனித்தனி இடத்தில் வைக்கிறது. அந்த இடங்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குள் இருக்கின்றன. அங்கே எந்த மொழி இருக்கிறது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. ஆகவே மாற்று எழுத்துரு தானாக வந்து கைகொடுக்காது. டேஸ் எழுத்துருவை நிறுவி, அந்த உரைக்கு அதை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அல்லது உரையை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

◆ தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி அதே ஜோடி. இப்படி வரிவரியாக வந்தால் எழுத்துருவைத் தொடாதீர்கள். அது எழுத்துருக் கோளாறே கிடையாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட்டு எப்போதும் இ0. இரண்டாவது ஏஇ அல்லது ஏஎஃப். இந்த மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்காமல், மேலைநாட்டுப் பழைய குறியேற்றத்தின்படி ஒவ்வொன்றாகப் படித்தால் இ0 கோடிட்ட ‘ஏ’ ஆகிறது. ஏஇ வட்ட ‘ஆர்’ ஆகிறது. தமிழ் முழுதாக உள்ளேதான் இருக்கிறது, படிக்கும் முறைதான் பிசகியிருக்கிறது.

இது அடிக்கடி நடக்குமிடம் எக்செல். பெயர்ப் பட்டியல் அடங்கிய சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்தால், கோப்பின் தலையில் அடையாளக்குறி இல்லாதபோது எக்செல் குழம்பிவிடும். கோப்பை நேரே திறக்காமல், ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாக உள்ளே கொண்டுவந்து, குறியேற்றம் 65001 யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். எல்லாப் பெயரும் தமிழில் வந்து நிற்கும். குழம்பிய நிலையிலேயே சேமித்து மூடிவிடாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

◆ வரிசையாகக் கேள்விக்குறிகளா? அங்கே தமிழ் இல்லை. எந்த எழுத்துருவாலும் மீட்க முடியாது. தமிழுக்கு இடமில்லாத பழைய குறியேற்றத்தில் கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி எழுதப்பட்டுவிடுகிறது. விண்டோஸ் நோட்பேடு நெடுங்காலம் அந்த வகையில்தான் இயல்பாகச் சேமித்தது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் யூடிஎஃப்-8 இயல்பானது. மூலக்கோப்போ அனுப்பியவரின் பிரதியோ இருக்கிறதா என்று தேடுவதே செய்யத் தக்கது.

◆ பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதி, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் என்ன தெரியும்? எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஆங்கிலச் சொற்களின் நடுவே அரைப்புள்ளிகள் மொய்த்துக் கிடந்தால் அது பாமினி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் டிடிபி கடைகளிலும் அச்சான எத்தனையோ மலர்கள், மடல்கள், நினைவிதழ்கள் இந்த வடிவில்தான் வட்டுகளில் இருக்கின்றன. கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில உரை. எழுத்துருவின் பெயரைக் கழற்றிவிட்டால் தமிழும் கழன்றுவிடும். இத்தகைய கோப்பு உங்கள் வீட்டிலோ சங்கத்திலோ இருந்தால், எழுதியவர்கள் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவைத்துவிடுங்கள். மாற்றித் தரும் இலவச நிரல்கள் பல உண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. பாமினி வகை எழுத்துருவை ஒருவர் வேர்டில் ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ கொடுத்துவிட்டால், அதன்பின் திறக்கும் ஒவ்வொரு புதுக் கோப்பிலும் ஆங்கிலம் தட்டினால் பொருளற்ற தமிழ் வரும். வைரஸ் என்று பயந்து கணினியையே அழித்து நிறுவுபவர்கள் உண்டு. தேவையில்லை. கண்ட்ரோல் விசையோடு ‘டி’ அழுத்தி, பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, மறுபடி ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ கொடுத்து, ‘நார்மல்’ வார்ப்புருவைச் சார்ந்த எல்லாக் கோப்புகளுக்கும் என்று சொன்னால் போதும்.

◆ டிஸ்கி எட்டு பிட்டுக் குறியேற்றம். முதல் 128 இடங்களில் ஆங்கிலம். பின் 128 இடங்களில் தமிழ். பழைய டிஸ்கி எழுத்துரு ஒன்று இயல்பெழுத்தாகிவிட்டால் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் பிரெஞ்சுப் பெயர்களின் மேற்கோடிட்ட எழுத்துகள் மட்டும் ஆங்காங்கே தமிழாகித் தெரியும். ஆங்கிலத்தின் நடுவே காரணமில்லாமல் ஒற்றைத் தமிழெழுத்து முளைத்தால் இதைச் சந்தேகியுங்கள்.

◆ புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று கொம்புக்கோ காலுக்கோ பக்கத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘இந்தக் குறி ஒட்டிக்கொள்ள மெய் இல்லை’ என்று வரைபொறி சொல்லும் செய்தி அது. ‘கெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிந்தாலும், யூனிகோடில் முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு. கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வைப்பது வரைபொறியின் வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆபிஸ் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். தட்டச்சு முறை கொம்பை முதலில் அனுப்பினால் புள்ளிவட்டம் வரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. சொல்லை அழித்துச் சரியான வரிசையில் தட்ட வேண்டும்.

போட்டோஷாப்பில் கொம்பு வலப்பக்கமே நின்றுவிடுகிறது என்று பல வடிவமைப்பாளர்கள் யூனிகோடையே கைவிட்டிருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தீர்வு அமைப்புகளில் ஒரே ஒரு வரி. 2021 வரையான பதிப்புகளில், ‘பிரிஃபரன்சஸ்’ பட்டியலில் ‘டைப்’ பகுதிக்குப் போய், உரைப்பொறியாக ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவற்றிலும் பழையவற்றில் அதன் பெயரில் தெற்காசியாவும் மத்தியக் கிழக்கும் இருக்கும். நிரலை மூடித் திறந்து புதிய உரைப்பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

◆ வேர்டு ஒரே உரைத்துண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களை நினைவில் வைத்திருக்கிறது. லத்தீன் எழுத்துக்கு ஒன்று, சீனம், ஜப்பானிய எழுத்துகளுக்கு ஒன்று, ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று அது அழைக்கும் தமிழ், இந்தி, அரபி போன்றவற்றுக்கு ஒன்று. எழுத்தளவும் அப்படித்தான்: தமிழுக்குத் தனி அளவு. பாணியை மாற்றியும் ஆங்கிலம் மட்டும் மாறி, தமிழ் பிடிவாதமாக நின்றால், எழுத்துருப் பெட்டியில் அந்த ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதிக்குப் போய் அங்கே தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள்.

லிப்ரெஆபிஸிலும் இதே அமைப்பு. அங்கே ‘சிடிஎல்’ என்ற பெயரில் இருக்கும். மொழி அமைப்புகளில் சிடிஎல்லை இயக்கியபின்தான் அந்தப் பகுதியே கண்ணில் படும். லினக்ஸில் பல இடங்களில் அதன் இயல்புப் பெயர் லோகித் தேவநாகரி. அதில் தமிழ் இல்லாததால் தமிழ் மறுபடியும் மாற்றுப் பட்டியலுக்குப் போகிறது. ‘பேசிக் ஃபான்ட்ஸ் (சிடிஎல்)’ பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துருவை ஒருமுறை கொடுத்துவிட்டால் புதுக்கோப்புகள் எல்லாம் சரியாகும்.

◆ லினக்ஸில் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது ஃபான்ட்கான்ஃபிக். கீத் பேக்கார்டு உருவாக்கியது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லினக்ஸ் மேசைக்கணினிகளில் வரும் தமிழ்க் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

நிரல்கள் அதனிடம் கேட்பது பெரும்பாலும் ‘சான்ஸ்’, ‘செரிஃப்’, ‘மோனோஸ்பேஸ்’ என்ற பொதுப்பெயர்கள். அந்தப் பெயரில் எழுத்துரு எதுவும் கிடையாது. எந்த நிஜ எழுத்துருவைக் கொடுப்பது என்பதைச் சிறுசிறு அமைப்புக் கோப்புகள் சொல்கின்றன. ஒவ்வொரு கோப்பின் பெயரும் இரண்டிலக்க எண்ணில் தொடங்கும். சிறிய எண் முதலில் படிக்கப்படும். பயனரின் சொந்த அமைப்பை உள்ளே அழைக்கும் கோப்பின் எண் 50. லத்தீன் எழுத்துருக்களின் முன்னுரிமை 60-இல். மற்ற எழுத்துமுறைகள் 65-இல். உங்கள் விருப்பத்தை உங்கள் கோப்பில் எழுதினாலே அது அவற்றுக்கு முந்திக்கொள்ளும். கணினி முழுமைக்குமான கோப்புகளைத் திருத்தத் தேவையில்லை. அடுத்த மேம்படுத்தலில் அந்தத் திருத்தம் அழிந்தும் போகலாம்.

டெர்மினலில் எஃப்சி-மேட்ச் என்ற கட்டளைக்கு ‘சான்ஸ்’ என்ற பெயரையும் தமிழின் மொழிக்குறியான ‘டிஏ’வையும் கொடுத்தால், எந்த எழுத்துரு வரும் என்று சொல்லும். ஒன்றை மனத்தில் வையுங்கள்: அது ‘இல்லை’ என்று ஒருபோதும் சொல்லாது. தமிழ் எழுத்துருவே இல்லாத கணினியிலும் ஏதோ ஒரு பெயரைத் தரும். அதை நம்பிவிடாமல், எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் தமிழை ஆதரிப்பவை எவை என்றும் கேளுங்கள். பட்டியல் வெறுமையாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், மீரா இனிமை, இவற்றில் ஒன்றை நிறுவுங்கள்.

இன்னொரு நுட்பம். ஓர் எழுத்துரு தமிழை ஆதரிக்கிறதா என்பதை அதைச் செய்தவர் சொல்லைக் கேட்டு ஃபான்ட்கான்ஃபிக் ஏற்பதில்லை. தமிழுக்குத் தேவையான குறிகளின் பட்டியல் ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது. ஒரே ஒரு குறி குறைந்தாலும் அந்த எழுத்துரு தமிழ் எழுத்துருவாகக் கணக்கில் வராது. அழகாகச் செய்த எழுத்துரு ஒன்று ஏன் தேர்வாகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வடிவமைப்பாளர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

கணினியின் மொழியையே தமிழுக்கு மாற்றினால் சிலருக்கு ஆங்கில எழுத்துகளும் வேறு வடிவத்துக்கு மாறிவிடும். காரணம், பொதுப்பெயரைக் கேட்கும்போது பட்டியலின் வரிசையைவிட மொழிப் பொருத்தத்துக்கு முன்னிடம் தரப்படுகிறது. தமிழ் உள்ள எழுத்துரு முதலில் வந்து, தன்னிடமுள்ள லத்தீன் எழுத்துகளையும் அதுவே வரைந்துவிடுகிறது. உங்கள் சொந்த அமைப்புக் கோப்பில் லத்தீன் எழுத்துருவை ‘ஸ்ட்ராங்’ பிணைப்போடு முதலில் குறித்து, தமிழ் எழுத்துருவை அதற்கு அடுத்து வைத்தால் இரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்.

ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய நிரல்களில் மட்டும் உங்கள் விருப்பம் செல்லவில்லையா? அவை தனி அறைக்குள் ஓடுகின்றன. உங்கள் அமைப்புக் கோப்பைப் படிக்க அவற்றுக்கு அனுமதி தர வேண்டும்.

◆ லினக்ஸ் மேசைத்தளங்களில் ஒன்றான க்னோம், 2025-இல் வந்த 48-ஆம் பதிப்பில் தன் பழைய கான்டரெல் எழுத்துருவை விட்டு அத்வைதா சான்ஸுக்கு மாறியது. அது இன்டர் எழுத்துருவிலிருந்து பிறந்தது. அதிலும் தமிழ் இல்லை.

◆ மேக் கணினியில் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று இரண்டு எழுத்துருக்கள் இருக்கும். அந்த ‘எம்என்’ மலேசியாவின் முத்து நெடுமாறனின் பெயரைக் குறிக்கிறது. 1985 முதல் முரசு அஞ்சல் வழியாகக் கணித்தமிழுக்கு உழைத்துவருபவர். மேக்கில் உள்ள இணைமதியும் அவர் செய்ததே. அதே ‘எம்என்’ முத்திரையைப் பிற இந்திய மொழி எழுத்துருக்களின் பெயர்களிலும் பார்க்கலாம்.

◆ ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது, 4.1 பதிப்பில். அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் இது இராது. அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து, வரியில் உயரமாகவோ தடிப்பாகவோ தனித்துத் தெரியும். இதனோடு ஒட்டிய சிக்கல் ஒன்று: ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், ‘ஶ’ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். உள்ளே குறிகள் வேறு. ஸ்ரீரங்கம் என்று தேடி, கண்முன் இருக்கும் ஊர் பட்டியலில் கிடைக்கவில்லை என்றால் மற்ற வடிவத்திலும் தேடுங்கள்.

◆ மா, காணி, முந்திரி என்ற பழைய பின்னக் குறிகளுக்கு 2019-இல் யூனிகோடு 12 தனி இடம் தந்தது. அவை வழக்கமான தமிழ்ப் பகுதியில் இல்லை. வெகுதூரம் தள்ளி ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்ற பகுதியில் 51 குறிகளாக இருக்கின்றன. நோட்டோ இவற்றுக்கென்று ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ என்ற தனி எழுத்துருவை வைத்திருக்கிறது. தமிழெல்லாம் தெரிந்து, பழைய நிலக்கணக்கின் பின்னங்கள் மட்டும் கட்டமாக வந்தால் நிறுவ வேண்டியது அதை. கல்வெட்டும் ஓலைக்கணக்கும் தட்டச்சு செய்பவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

◆ தடித்த எழுத்தில் ‘ண’, ‘ழ’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுத்துப்போனால், அந்த எழுத்துருவுக்குத் தடித்த வடிவமே இல்லாதிருக்கலாம். கணினி மெலிந்த எழுத்தையே பெருக்கிப் போலியாகத் தடிப்பாக்குகிறது. தடித்த வடிவமும் சேர்ந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தலைப்புகளைப் படிக்கும் முதியவர்களின் கண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிது.

◆ ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கென்றே தனி எழுத்துருவும் தனி அளவும் வைக்கலாம். எழுத்துரு அமைப்பின் ‘அட்வான்ஸ்டு’ பெட்டியில், மேலே இருக்கும் மொழிப்பட்டியலில் ‘தமிழ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றுங்கள். ‘லத்தீன்’ என்ற பக்கத்திலேயே மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுபவர்களே மிகுதி.

◆ புதிதாக நிறுவிய எழுத்துரு ஒரு நிரலில் தெரிந்து இன்னொன்றில் தெரியவில்லையா? விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் எழுத்துரு அந்தப் பயனருக்கு மட்டும், அவர் கோப்புறைக்குள் நிறுவப்படுகிறது. சில நிரல்கள் அங்கே பார்ப்பதில்லை. எழுத்துருக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து, ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். லினக்ஸில் புதிய எழுத்துருவைக் கோப்புறையில் போட்டபின் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டி, நிரலை மூடித் திறக்க வேண்டும்.

◆ எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து, எது எங்கே கெட்டது என்றே தெரியாத நிலைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தில் ‘ஃபான்ட் செட்டிங்ஸ்’ திறந்து, ‘ரிஸ்டோர் டிஃபால்ட் ஃபான்ட் செட்டிங்ஸ்’ என்ற பொத்தானை அழுத்துங்கள். மேக்கில் ‘ஃபான்ட் புக்’ நிரலின் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ரிஸ்டோர் ஸ்டாண்டர்டு ஃபான்ட்ஸ்’ இருக்கிறது. மேக்கில் இதைச் செய்தால் நீங்கள் சேர்த்த எழுத்துருக்கள் இயல்பான இடத்திலிருந்து விலக்கப்படும்; ஆகவே அழுத்துமுன் உங்கள் தமிழ் எழுத்துருக் கோப்புகளைத் தனியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் உங்கள் சொந்த ஃபான்ட்கான்ஃபிக் கோப்பின் பெயரை மாற்றிவைத்தாலே பழைய நிலை திரும்பிவிடும்.